எலிகளின் விரதம் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

உடல், உணவு பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். கோவில்பட்டி பக்கம் எங்கள் ஊர். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன மாதம் ஒரு கட்டுரை வந்தது. ‘பட்டினி இருந்தால் மூளையில் சேர்ந்த நஞ்சு வெளியேறும், அமெரிக்க விஞ்ஞானிகள் எலிகளில் நிரூபித்துவிட்டார்கள்’ என்பது அதன் சாரம். ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்ட எலிகளுக்கு மூளையைக் கொல்லும் விஷத்தை ஊசியில் ஏற்றியும் பெரிய பாதிப்பு இல்லையாம். அதைப் படித்ததிலிருந்து அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிடக்கிறார். வயது 64. பல வருடமாகச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார். கேட்டால், “லங்கணம் பரம ஔஷதம்னு உங்க தாத்தா சொல்வாரே, ஏகாதசி விரதமெல்லாம் பின்ன எதுக்கு வச்சாங்களாம்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. என் சித்தப்பா இருபது வருடத்துக்கு மேலாகப் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடித்தவர். சொந்தக் காட்டுக்கு மட்டுமில்லை, கூலிக்கும் போவார். இப்போது வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் நோய் என்று மதுரையில் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவரையும் விரதம் இருக்கச் சொல்லி அம்மா விரட்டுகிறார். அவருடைய டேங்க்கை இப்போது நான்தான் முதுகில் மாட்டுகிறேன். எனக்கு 38 வயது. நோய் எதுவும் இல்லை, தொப்பை உண்டு. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டால் என் மூளைக்காவது பாதுகாப்பு கிடைக்குமா? முதலில் அந்த எலிக்கதை உண்மையா?

அன்புடன்,
செந்தில்

---

அன்புள்ள செந்தில்,

முதலில் அம்மா. மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைப்பவை. வெறும் வயிற்றில் அவற்றைப் போட்டால் இரத்தச் சர்க்கரை சரசரவென்று இறங்கும். வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல், பிறகு மயக்கம். கவனிக்காமல் நேரம் போனால் சேதம் மூளைக்குத்தான். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை என்றால் ஆபத்து வேறு விதம்: மீட்டரில் சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடும். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவரிடம் நாளையே போங்கள். அதுவரை மூன்று வேளையும் சாப்பிடட்டும். மாத்திரையை அவராக நிறுத்தவும் கூடாது.

இனி எலி.

கதை உண்மைதான். வாட்ஸ்அப்பில் வருவனவற்றில் இது அபூர்வம். ‘நஞ்சு வெளியேறும்’ என்ற இடத்தில்தான் பொய் நுழைகிறது. அந்த எலிகளின் மூளையிலிருந்து எந்த நஞ்சும் வெளியேறவில்லை. நஞ்சை உள்ளே செலுத்தினார்கள், அது தன் வேலையைச் செய்யப் பார்த்தது, நரம்பணுக்கள் குறைவாகச் செத்தன. சுத்திகரிப்பு எதுவும் அங்கே நடக்கவில்லை. அணுக்களுக்குத் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியிருந்தது.

1999-இல் வெளிவந்த ஆய்வு அது. அப்போது அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இருந்த மார்க் மாட்சனின் குழு செய்தது. ஒரு கூட்டம் எலிகளுக்குத் தினமும் வேண்டிய மட்டும் தீனி. இன்னொரு கூட்டத்துக்கு ஒருநாள் தீனி, மறுநாள் தண்ணீர் மட்டும். சில மாதங்கள் இப்படி வளர்த்த பிறகு மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கைனிக் அமிலத்தைச் செலுத்தினார்கள். புதிய நினைவுகள் பதிவதற்கு அந்தப் பகுதி இல்லாமல் முடியாது. பிறகு தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டார்கள். தண்ணீருக்கு அடியில் மறைந்திருக்கும் சிறு மேடை எங்கே இருக்கிறது என்று எலி நினைவு வைத்துப் போய்ச் சேரவேண்டும். தினமும் தின்ற எலிகள் தடுமாறின. ஒருநாள் விட்டு ஒருநாள் தின்றவை அவற்றைவிட நன்றாகவே கண்டுபிடித்தன. மூளையை வெட்டிப் பார்த்தபோது செத்த அணுக்களும் குறைவு.

இந்தக் கைனிக் அமிலம் என்ன பொருள் என்பதைத் தெரிந்துகொண்டால்தான் ஆய்வின் கனம் புரியும். ஜப்பானில் குடற்புழுவுக்கு மருந்தாகப் பயன்பட்ட ஒரு கடற்பாசியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது அது. நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் குளூட்டமேட்டின் சாயல் அதற்கு உண்டு. குளூட்டமேட்டின் ஏற்பிகளில் போய் ஒட்டிக்கொண்டு அணுவை ஓயாமல் தூண்டும். கால்சியம் உள்ளே பாயும். பாய்ந்ததை வெளியே தள்ளுவதற்கே அணு தன் ஆற்றலையெல்லாம் செலவழித்து, கடைசியில் கையிருப்பு தீர்ந்து சாகும். தூண்டியே கொல்லும் இந்த முறையை ஜான் ஓல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-இல் பிறந்த சில நாளான சுண்டெலிகளில் காட்டினார்.

மனிதர்களுக்கு இது நேர்ந்த சம்பவமும் உண்டு. 1987-இன் கடைசியில் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்த்த கடல் சிப்பிகளைச் சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, பிறகு குழப்பம், வலிப்பு. மூன்று பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு எதையும் புதிதாக நினைவில் வைக்க முடியாதவர்களாக ஆனார்கள். சிப்பிகள் தின்ற நுண்பாசியில் இருந்த டோமோயிக் அமிலம்தான் காரணம். கைனிக் அமிலத்தின் நெருங்கிய உறவு. சேதம் அதே ஹிப்போகாம்பஸில்.

மாட்சனின் குழு இன்னொரு நஞ்சையும் சோதித்தது: 3-நைட்ரோபுரோபியோனிக் அமிலம். வட சீனாவில் குளிர்காலம் முழுக்க அடுக்கிவைத்துப் பூஞ்சை பிடித்த கரும்பைத் தின்ற குழந்தைகள் மயங்கி விழுந்து, எழுந்த பிறகு கைகால்கள் முறுக்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்கத் தவிக்கக் காரணமான நஞ்சு அது. அணுவுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அது முடக்குகிறது. அதற்கும் விரத எலிகள் ஓரளவு தாக்குப்பிடித்தன.

மூன்றாவது நஞ்சுதான் உங்கள் சித்தப்பாவைத் தொடுவது. 1982-இல் கலிபோர்னியாவில் ஹெராயினுக்குப் பதிலாகக் கள்ளத்தனமாகக் காய்ச்சிய போதைப்பொருளை ஊசி போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களிலேயே அசையவோ பேசவோ முடியாமல் உறைந்துபோனார்கள். அறுபது வயதில் வரும் பார்க்கின்சன் நோயின் முற்றிய நிலை அப்படியே இளம் வயதில். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவர் காரணத்தைத் தேடிப் பிடித்தார். காய்ச்சும்போது ஏற்பட்ட கலப்படம், எம்.பி.டி.பி. என்ற பொருள். மூளைக்குள் போனதும் அங்குள்ள ஒரு நொதியே அதை நஞ்சாக மாற்றுகிறது. அந்த நஞ்சு, உடல் அசைவைச் சீராக்கும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்களைத் தேடிப்போய் அவற்றின் மைட்டோகாண்ட்ரியாவை அடைக்கிறது. அதே 1999-இல், விரதத்தில் வளர்ந்த சுண்டெலிகளுக்கு எம்.பி.டி.பி. கொடுத்தபோது டோபமின் அணுக்கள் குறைவாகவே அழிந்தன. 2004-இல் ரீசஸ் குரங்குகளிலும் இதைப் பார்த்தார்கள். ஆறு மாதம் 30 சதவீதம் கலோரியைக் குறைத்து, பிறகு நஞ்சு. குறைத்துத் தின்ற குரங்குகளின் நடமாட்டம் மேலாக இருந்தது.

ஏன் இப்படி? உணவில்லாத நேரத்தை உடல் ஒரு சிறு நெருக்கடியாக எடுத்துக்கொள்கிறது. மழைக்காலத்துக்கு முன்பே ஓலை மாற்றும் வீட்டுக்காரரைப் போல நரம்பணுக்கள் முன்கூட்டியே சில ஏற்பாடுகளைச் செய்துவைக்கின்றன. உருக்குலையும் புரதங்களைத் தாங்கிப்பிடிக்கும் காவல் புரதங்கள் கூடுகின்றன. நரம்பணுவைப் பேணும் பி.டி.என்.எஃப். என்ற வளர்காரணி கூடுகிறது. கல்லீரல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை அனுப்ப, மூளை அதை இரண்டாவது எரிபொருளாக எடுத்துக்கொள்கிறது. இது கற்பனை இல்லை. 1967-இல் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹிலும் அவருடைய சகாக்களும், எடை குறைக்க வாரக்கணக்கில் பட்டினி கிடந்த பருமனான நோயாளிகளின் மூளைக்குள் போகும் இரத்தத்தையும் வெளிவரும் இரத்தத்தையும் ஒப்பிட்டு, மூளை பெருமளவு கீட்டோனில் ஓடிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் மூளைதான் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. அதற்கு மாற்று எரிபொருள் கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 2003-இல் வந்தது. அதில் ஒருநாள் விட்டு ஒருநாள் தின்ற சுண்டெலிகள், கிடைத்த நாளில் இரண்டு பங்கு தின்று தீர்த்துவிட்டன! மொத்தக் கணக்கில் அவை பட்டினி கிடக்கவே இல்லை, எடையும் பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் கைனிக் அமிலத்துக்கு அவற்றின் மூளை நன்றாகத் தாக்குப்பிடித்தது. தினமும் குறைவாகத் தின்று இளைத்த சுண்டெலிகளைவிட நன்றாகவே. அப்படியென்றால் காரணம் குறைவான சோறு என்பதைவிட, சோற்றுக்கும் சோற்றுக்கும் நடுவே விழுந்த நீண்ட இடைவெளி என்றுதான் கொள்ளவேண்டும்.

இதுவரை அம்மா கட்சி ஜெயிக்கிறது, இல்லையா? இனிமேல்தான் சிக்கல்.

ஆய்வகத்து எலி எப்படி வாழ்கிறது என்று பாருங்கள். சின்னக் கூண்டு. ஓட இடமில்லை. இருபத்து நான்கு மணி நேரமும் எதிரே தீனி. அது கொழுத்து, இன்சுலினுக்கு அசையாத உடம்போடு, சீக்கிரம் சாகப் போகிற பிராணி. அந்த எலியைத்தான் ‘இயல்பான எலி’ என்று வைத்துக்கொண்டு விரத எலியை ஒப்பிடுகிறோம். இதைச் சொன்னது விரதத்தின் எதிரிகள் இல்லை. மாட்சனும் அவர் சகாக்களும் 2010-இல் எழுதினார்கள், ஆய்வகங்களின் சாதாரண எலிகளே நோயாளிகள் என்று. ஆக, ஆய்வு காட்டியதை இப்படியும் வாசிக்கலாம்: ஓயாமல் தின்று சோம்பிக் கிடந்த மூளை நஞ்சுக்குச் சுலபமாக விழுந்தது. விரதம் எலிக்கு விசேஷ சக்தி எதையும் கொடுக்காமல், காட்டு எலிக்கு இயல்பாக இருந்ததைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். என் வாசிப்பு இதுதான். இரவு பதினோரு மணிக்குப் பரோட்டா தின்று படுக்கும் நம்மில் பலருக்கு இந்த வாசிப்பு நன்றாகவே பொருந்தும். அளந்து சாப்பிடும் ஒரு கரிசல் காட்டு விவசாயிக்குப் பொருந்துமா?

இன்னொன்று, எல்லா நஞ்சுக்கும் இது வேலை செய்யவில்லை. டோபமின் அணுக்களைக் கொல்லும் வேறொரு நஞ்சை வைத்து இத்தாலியில் நடந்த ஆய்வொன்றில், 2008-இல், விரத எலிகளுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. தசைகளை இயக்கும் நரம்புகள் சாகும் ஏ.எல்.எஸ். நோய்க்கான மரபணு மாற்றம் கொண்ட சுண்டெலிகளில் மாட்சனே சோதித்துப் பார்த்துப் பயனில்லை என்று 1999-இல் எழுதினார். பின்னால் வேறொரு குழு கலோரியைக் குறைத்தபோது நோய் முந்திக்கொண்டு வந்தது. வாட்ஸ்அப் கட்டுரை எழுதுபவர்களுக்கு இந்த ஆய்வுகள் மட்டும் கண்ணில் படுவதே இல்லை.

மூன்றாவதாக, காலம். மேலே சொன்ன எலிகளும் குரங்குகளும் நஞ்சுக்கு முன்பே மாதக்கணக்கில் விரதத்தில் இருந்தவை. நஞ்சு வேலையை முடித்துவிட்ட பிறகு விரதம் தொடங்கிச் செத்த அணுவை எழுப்பிய கதை அவற்றில் கிடையாது. பார்க்கின்சனில் கை நடுங்கத் தொடங்கும்போதே டோபமின் அணுக்களில் கணிசமான பங்கு போய்விட்டிருக்கும். அந்த நோயில் எடை தானாகவே குறையும். உங்கள் சித்தப்பாவுக்கு விரதம் வேண்டவே வேண்டாம். உணவில் அவர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மதுரையில் கொடுத்த மாத்திரை லெவோடோபா என்றால், அதுவும் பருப்பு, முட்டை, இறைச்சியில் உள்ள புரதமும் குடலில் ஒரே வழியாக உள்ளே போகப் போட்டியிடும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் போட்டுக்கொள்ளலாமா, புரதத்தை ராத்திரிக்கு ஒதுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிலருக்கு அதிலேயே நடையில் வித்தியாசம் தெரியும்.

இப்போது முசாபர்பூருக்குப் போவோம். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத நினைத்ததே அதற்காகத்தான்.

பீகாரின் முசாபர்பூர் மாவட்டம் லிச்சிப் பழத்துக்குப் பேர்போனது. 1995-லிருந்தே அங்கே மே, ஜூன் மாதங்களில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். முந்தைய நாள் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை விடியற்காலையில் வீறிட்டு எழும், வலிப்பு வரும், நினைவு போகும். மூளைக்காய்ச்சல் என்றார்கள், வைரஸ் என்றார்கள், வெயில் என்றார்கள், தோட்டத்தில் அடித்த மருந்து என்றார்கள். 2014-இல் மட்டும் அங்குள்ள இரண்டு பெரிய மருத்துவமனைகளில் மே கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள் 390 பேர் சேர்க்கப்பட்டு 122 பேர் இறந்தார்கள். லிச்சியின் உறவான அக்கிப் பழத்தால் ஜமைக்காவில் வரும் ஒரு நோயை நினைவில் வைத்து, இது வைரஸ் இல்லை, பழத்தில் உள்ள நஞ்சாக இருக்கலாம் என்று முன்வைத்தவர்களில் முக்கியமானவர் வேலூர் சி.எம்.சி.யில் வைரஸ் துறைப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற டாக்டர் டி. ஜேக்கப் ஜான். வாழ்நாள் முழுக்க வைரஸ்களைத் துரத்திய ஒருவர் ‘இது வைரஸ் இல்லை’ என்று சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். இந்திய, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் சேர்ந்து செய்த ஆய்வு 2017-இல் வெளியாகி, லிச்சியின் நஞ்சுக்குக் கைமேல் சான்று கொடுத்தது.

அந்த ஆய்வில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. ஒன்று, பிள்ளை லிச்சி தின்றிருந்தது. இரண்டு, அன்றிரவு சாப்பிடாமல் படுத்தது. லிச்சி தின்றுவிட்டு இரவு சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு ஏறியதோ, சாப்பிடாமல் படுத்தவர்களுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் பகல் முழுக்கத் தோப்பில் உதிர்ந்த பழங்களைப் பொறுக்கித் தின்றிருக்கும். வயிறு மந்தமாக இருக்கும். சாயந்திரம் ‘பசிக்கலை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கியிருக்கும். வீட்டில் எழுப்பி ஊட்டும் அளவுக்கு எதுவும் சமைத்திருக்கவும் வேண்டும். ராத்திரி கல்லீரலில் இருந்த கொஞ்சநஞ்சச் சர்க்கரை இருப்பும் தீரும். நன்றாக ஊட்டம் பெற்ற உடம்பு அந்த நேரத்தில் கொழுப்பை எரித்துச் சமாளிக்கும், புதிதாகச் சர்க்கரையையும் தயாரிக்கும். லிச்சியில் உள்ள ஹைப்போகிளைசின் என்ற நஞ்சும் அதன் கூட்டாளியும் அடைப்பது சரியாக அந்த இரண்டு வழிகளையும்தான்.

கென்டக்கி எலியைக் காப்பாற்றியிருக்கக் கூடியவற்றில் ஒன்றை மேலே சொன்னேன்: பட்டினியில் கொழுப்பு எரிந்து மூளைக்கு மாற்று எரிபொருள் போனது. முசாபர்பூர்ப் பிள்ளைக்கு அந்த வழியே மூடப்பட்டிருந்தது. அங்கே பட்டினி நஞ்சுக்குக் கதவைத் திறந்துவிட்டது. தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அதே லிச்சியைத்தான் தின்றார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை ஜேக்கப் ஜான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டினார். பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட சிகிச்சையும் தடுப்பும் எவ்வளவு எளிமையானவை! மயங்கிய பிள்ளைக்கு உடனே நரம்பில் குளுக்கோஸ். லிச்சி காலத்தில் எந்தப் பிள்ளையும் வெறும் வயிற்றோடு படுக்கக் கூடாது. இதைச் சொல்லிப் பரப்பிய ஆண்டுகளில் சாவுகள் வெகுவாகக் குறைந்தன. 2019-இல் கவனம் தளர்ந்தபோது மீண்டும் நூற்றுக்கு மேல்.

ஆப்பிரிக்காவிலும் இதே கதை வேறு வேடத்தில் நடந்தது. 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி. மிஞ்சியது கசப்பு மரவள்ளிக்கிழங்கு மட்டும். அதில் சயனைடு உண்டு. நாள்கணக்கில் ஊறவைத்தோ காயவைத்தோ அதைப் போக்கித்தான் சாப்பிடவேண்டும். பசி அவசரப்படுத்தியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், கால்கள் திடீரென்று விறைத்துச் செயலிழந்தன. அது திரும்பவும் சரியாகாத சேதம். பின்னாளில் புள்ளிவிவரங்களை மேடையில் கதைபோல் விளக்கி உலகப் புகழ்பெற்ற ஹான்ஸ் ரோஸ்லிங் அப்போது அங்கே இளம் மருத்துவர். இந்த நோயைத் துலக்கியவர்களில் அவர் ஒருவர். சயனைடை முறித்து வெளியேற்ற உடம்புக்குக் கந்தகம் வேண்டும். அது புரதத்திலிருந்து வரவேண்டும், மீனிலிருந்தும் பயறிலிருந்தும். தட்டில் மீனும் பயறும் இல்லாத இடத்தில்தான் கால்கள் விறைத்தன. நம் சேலம் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் மரவள்ளிக்கிழங்கைத் தலைமுறை தலைமுறையாகத் தின்கிறோம். நாம் தின்பது சயனைடு குறைந்த வகைகளை, வேகவைத்து, மீன் குழம்போடு.

எலிக்கும் இந்த மக்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. எலியின் தீனியில் கலோரி குறைந்ததே தவிர விட்டமினோ தாதுவோ புரதமோ தட்டுப்படவில்லை. 1935-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே எலிகளுக்குச் சோற்றைக் குறைத்து ஆயுளை நீட்டியபோதும் ஊட்டச்சத்துகளில் கைவைக்காமல் பார்த்துக்கொண்டார். உணவு போதாத ஊரில் கலோரி மட்டும் தனியாகக் குறைவதில்லை.

‘நஞ்சு வெளியேற்றம்’ என்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. நஞ்சை முறிக்கும் கல்லீரலின் முக்கியமான சரக்கு குளூட்டாத்தையோன். பட்டினியில் அதன் இருப்பு குறையும். சாப்பிடாமல் கிடப்பவர்களுக்குப் பாரசிட்டமால் சற்று அதிகமானாலே கல்லீரல் கெடுவது இதனால்தான். டி.டி.டி. போன்ற பழைய பூச்சிமருந்துகள் உடம்பின் கொழுப்பில் தங்குபவை. வேகமாக எடை குறையும்போது அவை இரத்தத்தில் கூடுவதை மனிதர்களிடமே அளந்திருக்கிறார்கள். இருபது வருடம் மருந்தடித்தவரை நச்சு நீக்கம் என்று பட்டினி போட்டால், கொழுப்பில் சும்மா கிடந்ததை மறுபடியும் ஊர்வலம் விடுவதாக ஆகலாம்.

மனிதர்களில் நடந்த சோதனை என்று பார்த்தால், கேலரி என்ற பெயரில் அமெரிக்காவில் பருமனில்லாத ஆரோக்கியமானவர்களை வைத்து இரண்டு ஆண்டுகள் நடந்தது. கலோரியை 25 சதவீதம் குறைப்பது இலக்கு. கண்காணிப்பும் ஆலோசனையும் இருந்தும் சராசரியாக 12 சதவீதம்தான் முடிந்தது. இரத்த அழுத்தம், கொழுப்பு, இன்சுலின் எல்லாம் சீரானது, எலும்பின் அடர்த்தி கொஞ்சம் குறைந்தது. 64 வயதுப் பெண்ணுக்கு எலும்பு அலட்சியப்படுத்தும் விஷயமில்லை. மூளையை நஞ்சிலிருந்து காப்பதைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. எலிக்குக் கொடுத்ததை மனிதனுக்குக் கொடுத்துப் பார்க்க முடியுமா?

ஏகாதசிக்கு வருகிறேன். அம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். பெருமாளை நினைத்து இருப்பதற்கு எலியிடம் சான்றிதழ் வாங்கவேண்டியதில்லை. வாங்கினால் அந்த விரதத்துக்குத்தான் மரியாதைக் குறைவு என்பது என் அபிப்பிராயம். ஏகாதசி மாதத்தில் இரண்டு நாள். மறுநாள் துவாதசிக்கு அகத்திக்கீரையும் நெல்லிக்காயுமாக இலை நிறைந்துவிடும். நோயாளிக்கும் குழந்தைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் விரதத்திலிருந்து விலக்குக் கொடுத்தவர்கள் நம் பாட்டிகள். ரமலான் நோன்பிலும் நோயாளிக்கு விலக்கு உண்டு. தாத்தா சொன்ன லங்கணமும் காய்ச்சலில் கிடப்பவருக்கு ஒருவேளை இரண்டு வேளை கஞ்சியோடு விடச் சொன்னது. மாதக்கணக்கில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் குடித்துக் கிடக்கும்படி அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார். அம்மாவிடம் விஞ்ஞானத்தைவிட இது எடுபடும்.

நீங்கள் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முடித்துக்கொள்ளுங்கள், அல்லது விட்டுத்தான் பாருங்கள். 38 வயது, மாத்திரை எதுவும் இல்லை, தொப்பை வேறு இருக்கிறது என்றால் அதில் கெடுதல் இல்லை. தொப்பைக்கும் பின்னால் வரப்போகும் சர்க்கரைக்கும் நல்லதுதான். பகலில் பருப்பும் முட்டையும் கீரையும் குறையக் கூடாது. ஆனால் அதை நம்பி டேங்க்கைத் தூக்காதீர்கள். அமெரிக்காவின் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் விவசாயக் குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் சொன்னது, பாராகுவாட் களைக்கொல்லியோ ரோட்டினோன் பூச்சிமருந்தோ பயன்படுத்தியவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு இரண்டரை மடங்கு என்று. ரோட்டினோன் மைட்டோகாண்ட்ரியாவில் அடைக்கும் இடமும் கலிபோர்னியா நஞ்சு அடைக்கும் இடமும் ஒன்றே. சித்தப்பாவுக்கு மருந்தால்தான் வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. உங்களுக்கு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளப் போதும்.

மருந்தடிக்கும் நாளில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், காட்டில் அந்தக் கையோடு சோற்றுப் பொட்டலம் பிரிக்கவேண்டி வராது. நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி, மருந்துக்கடையில் விற்கும் துணி மாஸ்க் இல்லாமல் ரசாயன ஆவியை வடிகட்டும் மாஸ்க். காற்றுக்கு எதிரே நடக்காதீர்கள். நாசில் அடைத்தால் வாயில் வைத்து ஊதும் பழக்கம் நம் பக்கம் எல்லோருக்கும் உண்டு, ஒரு பழைய பல்துலக்கியைப் பையில் வைத்துக்கொண்டால் ஊதவேண்டியதில்லை. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள். சித்தப்பாவின் டேங்க் பழையது என்றால் மூடியின் வாஷரையும் குழாய் இணைப்பையும் பாருங்கள். பெரும்பாலும் முதுகில் வழிவது அங்கிருந்துதான்.

அன்புடன்